காயடித்த காளையும் வியன்னாவின் கத்தியும்

உத்திரமேரூருக்குக் கல்வெட்டுப் பார்க்கப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலைச் சுற்றிவிட்டுப் பேருந்து ஏறிவிடுவது வழக்கம். நாங்களும் இருமுறை அப்படித்தான் செய்தோம். மூன்றாம் முறை, எங்களுள் ஒருவருக்கு மானாம்பதியில் உறவு இருந்தமையால், மதிய உணவு அங்கே என்றாயிற்று. உண்டு முடித்து, வெயில் தாழ்ந்ததும் ஊருக்குள் நடந்து ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்தோம். எதிரே நீண்ட சுவர். பாதியை ஒரு கட்சியின் சின்னம் பிடித்துக்கொண்டிருந்தது. மறுபாதியில் நீல எழுத்துகள்: நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், விந்து நீர்த்துப்போதல், 'இளமையில் அறியாமல் செய்த தவறுகள்'. பரம்பரை வைத்தியர் ஒருவரை மாதந்தோறும் இன்ன தேதிகளில் இன்ன ஊர் விடுதியில் நேரில் காணலாம் என்று முடிந்தது. தமிழ்நாட்டில் இந்தச் சுவரைப் பார்க்காமல் வளர்ந்த ஆண் இருக்க முடியாது. நாங்களும் வாய்விட்டுப் படித்துச் சிரித்தோம், சற்றுக் கூச்சத்தோடுதான்.

பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், எண்பதை நெருங்கியவர், எங்கள் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. "இப்ப இந்த பயம். எங்க காலத்துல வேற பயம் தம்பி. கவர்மெண்டு ஆபரேசன் பண்ணிக்கினா மாட்டுக்குக் காயடிச்சாப்ல ஆயிடும், ஏரு புடிக்க முடியாதுன்னு பேசிக்குவாங்க. நான் போவல. எங்க ஊட்ல அதுதான் போயி பண்ணிக்கினு வந்துது" என்றார்.

நாங்கள் போனது முதலாம் பராந்தக சோழனைத் தேடி. திரும்பும் வழியெல்லாம் பேசியது பெரியவரின் வார்த்தைகளை. அந்தப் பேச்சையும், அதற்குப் பின் நாங்கள் தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பெரியவரின் உவமையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. காயடிக்கும் தொழில் ஏர் உழவைப் போலவே பழையது. காளையின் விதைகளை நசுக்கிவிட்டால் அது பசுவின் பின்னால் ஓடாது, முட்டாது, நுகத்துக்கு அடங்கும். கன்றிலேயே காயடித்தால் திமில் சரியாக எழாது, கழுத்துத் தடிக்காது என்பதால் சற்று வளரவிட்டுப் பின் காயடிப்பவர்களும் உண்டு. பொலிகாளைக்கு மட்டும் விலக்கு. இத்தனையையும் அறிந்த உழவனுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்: குணம், உடற்கட்டு, காமம் மூன்றும் அந்த இரு சிறு உருண்டைகளோடு கட்டப்பட்டவை. எவ்வாறு கட்டப்பட்டவை என்பதுதான் தெரியாது. அது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உலகில் யாருக்குமே தெரியாது.

முதல் விடை கோழிக் கூண்டிலிருந்து வந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்ற உடலியல் ஆசிரியர் 1849இல் ஆறு சேவல்களை எடுத்துக்கொண்டார. இரண்டின் விதைகளை முற்றிலும் நீக்கினார். அவை கொண்டை சுருங்கி, கூவல் மறந்து, சண்டைக்குப் போகாமல் கொழுத்தன. மற்ற நான்கில் விதையைப் பழைய இணைப்புகளிலிருந்து அறுத்து வயிற்றறைக்குள்ளேயே விட்டார்; இரண்டில் தம்முடையதை, இரண்டில் பிறசேவலுடையதை. அந்த நான்கும் சேவலாகவே வளர்ந்தன. கொண்டை சிவந்தது, பெட்டையைத் துரத்தின. நரம்பு அறுபட்டாயிற்று, குழாயும் இல்லை. எனவே விதையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியே உடல் முழுதும் போகிறது என்று அவர் சில பக்கங்களில் எழுதி வைத்தார். பல பத்தாண்டுகளுக்கு அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

விதைக்குள் இரண்டு தொழில்கள் தனித்தனியே நடக்கின்றன என்பதே அச்சோதனையின் சாரம். ஒன்று வித்தணுவை ஆக்கிக் குழாய் வழியே வெளியே அனுப்புவது. மற்றொன்று, பின்னாளில் ஹார்மோன் எனப் பெயர் பெற்ற சாற்றை இரத்தத்தில் கலப்பது. பிரான்ஸ் லேடிக் என்பவர் 1850இல் நுண்ணோக்கியில் கண்டு விவரித்த இடைத்திசு அணுக்களே இரண்டாம் தொழிலைச் செய்பவை. கூரை ஒன்றுதான், வாசல் இரண்டு. உழவன் காயடிக்கும்போது இரு தொழிலும் ஒருசேர நின்றுபோகின்றன. ஆகவே அவை இரண்டு என்று அறிய அவனுக்கு வாய்ப்பே இல்லை.

பெர்த்தோல்ட் மறக்கப்பட்ட காலத்தில், 1889 ஜூன் 1 அன்று, பாரிசின் உயிரியல் கழகத்தில் 72 வயதான ஒருவர் எழுந்து தம்மைப் பற்றிப் பேசினார். சார்ல்-எட்வர்ட் பிரௌன்-செக்கார். தமிழர் பலர் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த மொரீசியசில், போர்ட் லூயிசில் பிறந்தவர். நரம்பியலில் இன்றும் அவர் பெயரில் ஒரு நோய்க்குறி வழங்குகிறது. நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளைப் பிழிந்த சாற்றைத் தாம் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டதாகவும், கைவலு கூடியதாகவும், மாடிப்படிகளைத் தாவி ஏறுவதாகவும், சிறுநீர் நெடுந்தொலைவு பாய்வதாகவும் அறிவித்தார். சபை நெளிந்தது. ஆனால் சில மாதங்களில் அச்சாறு உலகெங்கும் விற்பனைக்கு வந்துவிட்டது. பின்னோக்கிப் பார்த்தால் அவருடைய சாற்றில் காரியத்துக்கு உதவும் அளவு எதுவுமே இருந்திருக்க முடியாது. அந்த ஹார்மோன் நீரில் கரைவதில்லை. 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் சிலர் அவர் முறையிலேயே சாறு எடுத்து அளந்து இதை உறுதி செய்தனர். மாடிப்படி ஏற வைத்தது நம்பிக்கை மட்டுமே. மானாம்பதிச் சுவரில் எழுதியிருக்கும் லேகியத்துக்கும் சிலர் 'குணம் தெரிந்தது' என்று சொல்வது இதனால்தான் என்பது எங்கள் ஊகம். பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் எண்ணவில்லை.

இனிதான் எங்களை வியக்கவைத்த பகுதி வருகிறது. வியன்னாவில் ஓய்கன் ஷ்டைனாக் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார். விந்துக்குழாயைக் கட்டிவிட்டால் வித்தணு ஆக்கும் திசு வாடும். அந்த இடத்தில் ஹார்மோன் ஆக்கும் இடைத்திசு பெருகும். ஆகவே கிழவன் இளைஞனாவான். 1918 நவம்பரில் ராபர்ட் லிஹ்ட்டன்ஷ்டர்ன் என்னும் அறுவை மருத்துவர் இதை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார். அடுத்த இருபதாண்டுகள் ஐரோப்பாவின் வசதியுள்ள முதியவர்கள் வரிசையில் நின்றார்கள். சிக்மண்ட் ஃப்ராய்ட் 1923இல், தாடைப் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், செய்துகொண்டார். கவிஞர் யேட்ஸ் 1934இல், தமது 68ஆம் வயதில், லண்டனில் நார்மன் ஹேரிடம் செய்துகொண்டார். டப்ளின் பத்திரிகைகள் கேலி செய்தன. அதன் பிறகு யேட்சின் கடைசி ஐந்தாண்டுகளில் கவிதை பெருக்கெடுத்தது இலக்கிய வாசகர்கள் அறிந்ததே. அந்தப் பெருக்குக்கும் கத்திக்கும் தொடர்பு இருக்க வழியில்லை என்று மருத்துவம் சொல்கிறது. கவிஞர் மட்டும் சாகும்வரை தொடர்பு உண்டென்றே நம்பினார்.

ஷ்டைனாக் செய்தது என்ன? விந்துக்குழாயைக் கட்டி வெட்டியது. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், சில சமயம் இரு பக்கமும். மானாம்பதிப் பெரியவர் அஞ்சி ஓடிய 'கவர்மெண்டு ஆபரேசன்' என்ன? இரு பக்கமும் அதே குழாயைக் கட்டி வெட்டுவது! ஏறக்குறைய ஒரே அறுவை. வியன்னாவில் இழந்த ஆண்மை திரும்பும் என்று காசு கொடுத்துச் செய்துகொண்டார்கள். செங்கற்பட்டுச் சீமையில் இருக்கும் ஆண்மை போய்விடும் என்று, காசு கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள். இரண்டும் தவறு. ஹார்மோன் குழாய் வழியே போவதே இல்லை. குழாயைக் கட்டினால் அது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

இதற்கு ஐயமற்ற விடை கிடைத்தது 1935இல். ஆம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லாக்கரின் குழுவினர் ஏறத்தாழ 100 கிலோ காளை விதைகளை அரைத்துப் பத்து மில்லிகிராம் படிகம் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டில் அடோல்ஃப் பூட்டெனாண்டும் லியோபோல்ட் ருஷீச்காவும் தனித்தனியே கொலஸ்டிராலிலிருந்து அதை ஆக்கிக்காட்டினர். 1939இல் வேதியியல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சாறும் குழாய்க்கட்டும் குரங்குச் சுரப்பி ஒட்டும் எல்லாம் அதோடு மெல்ல மறைந்தன. ஊர்க் காளை ஏன் அடங்கியது என்பதற்கு இரசாயனப் பெயர் கிடைத்துவிட்டது. மானாம்பதிக்கு அந்தப் பெயர் வந்துசேரவில்லை. அறுவை மட்டும் வந்தது.

சென்னை மாகாணம் கருத்தடைப் பேச்சில் முன்னோடி. 1928இலேயே சென்னையில் நவ மால்த்தூசியக் கழகம் தொடங்கப்பட்டது. 1930களில் பெரியார் கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையின் பகுதியாக வைத்துப் பேசினார். மால்த்தூசியர்களின் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து அவர் விலகி நின்ற இடம் அது. விடுதலைக்குப் பின், 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி சென்னை அரசில் உயர்பதவிக்கு வந்தபோது அறுவையே வழி என்று வற்புறுத்தினார். 1950களின் பிற்பகுதியில் அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் தரும் திட்டம் இங்கே தொடங்கியது. ஆள் அழைத்து வருவோருக்கும் தனியே காசு உண்டு. பிற மாநிலங்கள் பின்னர் இதைப் பார்த்தெழுதின.

1960களில் இந்தியாவில் நடந்த கருத்தடை அறுவைகளில் பெரும்பான்மை ஆண்களுக்கே நடந்தது என்பதை இன்று சொன்னால் நம்பமாட்டார்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளம் நகர மண்டபத்தில் ஒரே மாதத்தில் 63,418 ஆண்களுக்கு வாசக்டமி செய்யப்பட்டது. வந்தவர்களுக்குப் பணமும் பரிசுப் பொருள்களும் கிடைத்தன. திருவிழாவைப் போல அது நடந்தது. பிறகு நெருக்கடி நிலை. 1976–77 ஓராண்டில் நாடெங்கும் சுமார் 83 லட்சம் அறுவைகள். அதில் 62 லட்சம் ஆண்கள். வட மாநிலங்களில் பேருந்தை நிறுத்தி ஆளைப் பிடித்துப் போனார்கள். அரசு கவிழ்ந்தது. அதற்குப் பின் எந்தக் கட்சியும் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. கத்தி மெல்லப் பெண்கள் பக்கம் நகர்ந்தது, பிரசவித்த கையோடு, பிரசவ வார்டிலேயே.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019–21) சொல்வது இது: இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை 0.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெண் அறுவை பாதியைத் தாண்டுகிறது, ஆண் அறுவை ஒன்றைக்கூட எட்டவில்லை. இத்தனைக்கும் பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கு, 1974இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் வகுத்த முறையில், கத்தியும் தையலும்கூட வேண்டாம். மரத்துப்போக ஓர் ஊசி, கால்மணி நேர வேலை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது, பதின்மூவர் இறந்தார்கள். அலட்சியம், மருந்து, நிர்வாகம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. அந்த வரிசையில் ஏன் 83 கணவர்கள் நிற்கவில்லை என்று கேட்டவர்கள் குறைவு. "எங்க ஊட்ல அதுதான் போயி பண்ணிக்கினு வந்துது" என்ற சொற்றொடரின் மறுபுறத்தில் இருப்பது இதுதான்.

இந்த அச்சத்தின் வேர் காயடிப்பு உவமையோடு முடிந்துவிடவில்லை. நம் மருத்துவ மரபில் உடல் ஏழு தாதுக்களால் ஆனது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம். ஒன்று காய்ச்சி மற்றொன்றாவதாகச் சொல்லப்படும் இவ்வரிசையின் கடைசியில் சுக்கிலம். எனவே அது மிக அரியது, இழந்தால் மீளாதது என்ற எண்ணம் இயல்பாகவே எழும். நாற்பது துளி இரத்தம் ஒரு துளி விந்து என்ற வாய்ப்பாட்டைப் பள்ளிக்கூட மைதானத்தில் கேட்காதவர் யார்? நம் மரபைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் டிசோ என்னும் மருத்துவர் ஏறத்தாழ இதே கணக்கை எழுதி ஐரோப்பாவையே நூறாண்டு நடுங்க வைத்தார். அங்கே அந்த நடுக்கம் ஓய்ந்தது, இங்கே தங்கியது. விந்து இழப்பதாக எண்ணிச் சோர்வும் நெஞ்சுப் படபடப்பும் உறக்கமின்மையுமாக வரும் இளைஞர்களைக் கண்டு, 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் அதற்குத் 'தாது நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். உடலில் நோய் இல்லை. நோய் இருக்கிறது என்ற துயரம் மெய்யானது.

உடலுறவுத் திறனைக் காக்கவோ பெருக்கவோ மருந்து என விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை. ஹம்தர்த் தவாகானா வழக்கில் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தின் சில பகுதிகளை நீக்கினாலும் பெரும்பகுதியை ஏற்றது. சுவருக்கு எழுபது வயது மூத்த சட்டம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சட்டமும் சுவரும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை போலும். இந்த இருட்டில் ஒரு சிறு விளக்கை ஏற்றியவர் என்று மனநல மருத்துவர் மாத்ருபூதத்தைச் சொல்லலாம். விஜய் தொலைக்காட்சியில் அவர் நடத்திய 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியை வீட்டார் உறங்கிய பின் ஒலியைக் குறைத்துவைத்துப் பார்த்த தலைமுறை எங்களுடையது. 2004இல் அவர் மறைந்தார்.

வித்தணு வேறு, வலு வேறு என்ற பிரிவு மக்கள் மனத்தில் இல்லாததால் எத்தனை குடும்பங்கள் சிதைந்தன என்பதற்கு வரலாற்றில் கணக்கில்லை, புனைவில் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலில் காளிக்கும் பொன்னாவுக்கும் உடலின்பத்தில் குறையே இல்லை. குழந்தை மட்டும் இல்லை. ஊர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது, ஆண்மையற்றவன் என்கிறது. நாவலைச் சுற்றி எழுந்த கூச்சலில் இந்த நுட்பம் பேசப்படாமலே போனது எங்களுக்கு இன்றும் வருத்தம்.

அப்படியானால் சுவரைப் பார்த்துத் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஆணுக்கு நோயே இல்லையா? பலருக்கு இருக்கிறது. சுவர் சொல்லும் நோய் அல்ல. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்கு ஆணை அனுப்புகிறது; இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு ஏறியதும் ஆணையைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கும் மேலிருந்து ஆளும் ஹைப்போதலாமஸ் சுரப்பை 1971இல் கண்டறிந்த ஷாலி, கில்லெமான் இருவரும் 1977இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அடங்குவர். உத்திரமேரூருக்குப் போனவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். பல்லவர் காலத்து வயிரமேக தடாகத்தைக் காக்க அவ்வூர்ச் சபை ஏரி வாரியம் அமைத்திருந்தது. வயலில் நீர் குறைந்தால் மதகைத் திறக்க வேண்டும், நிறைந்தால் அடைக்க வேண்டும். ஹார்மோன் சமநிலை என்று மருத்துவர்கள் சொல்வது அந்த வாரியத்தின் வேலையைத்தான். வெளியிலிருந்து வண்டி வண்டியாக நீர் கொண்டுவந்து வயலில் கொட்டினால் வாரியம் மதகை அடைத்துவிடும், ஏரிக்கால் தூர்ந்துபோகும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசைக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞருக்கு நேர்வது இது. விதை சுருங்கும், வித்தணு அருகும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது என்றால், ஆண்மைக்காக அதைப் போட்டுக்கொள்வோரை என்னவென்பது!

இன்னொன்று, ஹார்மோன் குறைவு மட்டுமே காரணமாக வருகிறவர்கள் சிலரே. விறைப்பு என்பது பெரிதும் இரத்தக் குழாயின் வேலை. நெஞ்சுவலிக்கென ஆராயப்பட்ட மருந்து 1998இல் வயாகராவாக வெளிவந்ததும், குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் கண்டறிந்த மூவருக்கு அதே ஆண்டு நோபல் பரிசு கிடைத்ததும் ஒரே கதையின் இரு முனைகள். ஆண்குறியின் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை. அடைப்பு முதலில் அங்கே தெரியும். நெஞ்சில் வலி வருமுன் சில ஆண்டுகளுக்கு முன்பே உடல் தரும் எச்சரிக்கை அது. லேகியத்தால் அந்த எச்சரிக்கையை வாங்கி மடியில் முடிந்துகொள்கிறவன் இழப்பது இன்பத்தை மட்டுமல்ல. 1994இல் வெளியான மாசசூசெட்ஸ் ஆய்வில் 40 முதல் 70 வயதுவரையான ஆண்களில் பாதிக்குமேற்பட்டோர் ஏதோ ஓர் அளவில் இக்குறையைச் சொன்னார்கள்; நீரிழிவும் இதய நோயும் உயர் அழுத்தமும் உள்ளவர்களிடம் அது கூடுதல். (குடவோலைக்கு நிற்கும் வயதைச் சபை 919இல் 30–60 என்றும், இரண்டே ஆண்டில் 35–70 என்றும் வகுத்தது நினைவுக்கு வந்தது. ஆடவரின் எந்தத் தகுதியை எண்ணி அந்த மாற்றம் என்று கல் சொல்லவில்லை.)

இங்கேதான் வாழ்க்கைமுறை என்ற சலித்துப்போன சொல் பொருள் பெறுகிறது. 2004இல் இத்தாலியில் உடல் பருத்த 110 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் விறைப்புக் குறை. பாதிப்பேர் உணவைத் திருத்தி நடக்கத் தொடங்கினார்கள்; இரண்டாண்டில் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மருந்தின்றி மீண்டனர். 2011இல் சிகாகோவில் பத்து இளைஞர்களை எட்டு இரவுகள் ஐந்து மணி நேரமே உறங்க விட்டார்கள். பகலில் டெஸ்டோஸ்டிரோன் பத்து முதல் பதினைந்து விழுக்காடு இறங்கிற்று. வயதாவதால் வரும் இயல்பான இறக்கம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு அளவே என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீரிழிவோ, 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு. தமிழ்நாட்டின் விகிதம் நாட்டுச் சராசரிக்கும் மேல். புகை குழாயைச் சுருக்கும். மது விதையையும் ஈரலையும் ஒருசேரக் கெடுக்கும். வயிற்றுக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். ஏர் பிடித்த தலைமுறைக்கு இவற்றில் பாதி இல்லை; அவர்கள் அஞ்சியதோ வேறொன்றை.

மானாம்பதிப் பெரியவர் சர்க்கரை இல்லாத தேநீர்தான் குடித்தார். இருபது வருடமாக மாத்திரை என்றார். அந்த நோய் இதையும் தொடும் என்று எந்த மருத்துவராவது சொன்னதுண்டா என்று கேட்க வாய் வரவில்லை, வயது இடித்தது. அவரும் எந்த மருத்துவரிடமும் கேட்டிருக்கமாட்டார். வரிசையில் முப்பது பேர் நிற்கும் மருத்துவமனையில், நர்சம்மா பெயரை உரக்கக் கூப்பிடும் இடத்தில், ஓர் ஆண் எப்படிக் கேட்பான்? விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும் வைத்தியர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார். அவருடைய மருந்தில் ஒன்றுமில்லை, அவருடைய கதவில் இருக்கிறது என்று நாங்கள் அன்று முடிவுசெய்தோம். அரசு மருத்துவமனையில் அப்படி ஒரு கதவுக்குப் பெரிய செலவாகாது.

ஆறு மணி வாக்கில் ஒரு வேன் வந்து நின்றது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இரவுப் பணிக்குப் போகும் பையன்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறிக்கொண்டார்கள். காலையில் வந்து, வெயிலில் தகரக் கூரையின் கீழ் நான்கோ ஐந்தோ மணி நேரம் உறங்குவார்களாம். வேன் சுவரை ஒட்டியே திரும்பிப் போயிற்று. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவோம், மறுவாரமே வைத்தியருடைய ஆள் வந்து எழுதிவிடுவார் என்று கடைக்காரர் சொன்னார்.